பூக்காத செம்பருத்தி

முதலில் தப்பு செய்தது பத்ரிநாத்தான். அதில் ஜம்புவுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

வடக்கே சிஞ்ச்வட்டில் ஜம்பு இருக்கும் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவர் சாஃப்ட்வேர்க்கார பத்ரிநாத். பாத்ரூமைப் புதுப்பித்தபோது பழைய ரோஸ் நிறக் கமோடைக் கீழே கொண்டுவந்து, தரைத்தளத்தில் ஜம்புவின் வாசலோரம் வைத்தார்.

"நாளைக்கு எடுத்துடறேன், பெரியவரே."

ஹோலி போனது, மழை வந்தது. அந்த 'நாளை' மட்டும் வரவில்லை.

ஜம்பு பொறுத்துப் பார்த்தார். பிறகு ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். மண்ணும் எருவும் நிரப்பி, நர்சரியில் வாங்கிய அடுக்குச் செம்பருத்தியை அதில் நட்டார். வாங்கும்போது அதில் ஒரே ஒரு பூ இருந்தது. மாம்பழ நிறம், நடுவில் மட்டும் குங்குமச் சிவப்பு. அந்த நிறத்துக்குத்தான் மயங்கி வாங்கினார்.

அவர் வாசலில் ஏற்கெனவே ஓட்டைக் குக்கரில் டேபிள் ரோஸ், பாதியாக வெட்டிய கீசர் டிரம்மில் கறிவேப்பிலை, உடைந்த ஹெல்மெட்டில் மணி பிளான்ட் என்று ஒரு தர்பார் இருந்தது. கமோடு அதன் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டது.

செடி தளதளவென்று வளர்ந்தது. மொட்டும் விட்டது. பூக்கத்தான் இல்லை.

ஜம்புவுக்குப் பக்கத்து ஊரான சாகணில் ஒரு கம்பெனியில் இரவு வாட்ச்மேன் வேலை. சாயங்காலம் பஸ் ஏறும்போது மொட்டு விரல் நீளத்துக்கு நிற்கும். காலையில் வந்து பார்த்தால் காணோம்.

"மொட்டு உதிருது கிரிஜா. மண்ணுல ஏதோ கோளாறு."

"கோளாறு மண்ணுல இல்ல, பாத்திரத்துல" என்றாள் மனைவி. "அதுல உக்காந்துக்கிட்டு எந்தச் செடிக்குப் பூக்கத் தோணும்?"

விடியற்காலையில் எழுந்து பார்க்கச் சொன்னால், அந்தப் பழக்கம் கிரிஜாவின் பரம்பரையிலேயே கிடையாது.

ஜம்பு புளித்த மோர் ஊற்றினார். முட்டை ஓடு பொடித்துப் போட்டார். மீன் கழுவிய தண்ணீர் விட்டார். செடி எல்லாவற்றையும் குடித்துவிட்டுப் பச்சையாகச் சிரித்தது.

நவராத்திரிக்கு முன்னால் குடியிருப்பின் சொசைட்டி மீட்டிங். செக்ரட்டரி பத்ரிநாத் எழுந்தார்.

"கேட்டைத் தாண்டினதும் கமோடு! கெஸ்ட் வந்தா மானம் போகுது. யே கார்டன் ஹை யா டாய்லெட்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சார், அது உங்க கமோடு."

"நான் போட்டது குப்பை, பெரியவரே. நீங்க பண்ணியிருக்கறது டெகரேஷன். சரி, அழகுக்குத்தான்னா பூக்கவாவது வேணாமா? அதுல ஒரு பூவை இதுவரைக்கும் யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. நர்சரியில் பார்த்த அந்த ஒன்றைத் தவிர ஜம்புவே பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கமோடு போக வேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கமோடு போனால் போகட்டும், அந்தச் சிரிப்புதான் ஜம்புவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பத்ரிநாத் தன் வாயால் 'தப்புதான் பெரியவரே' என்று சொல்ல வேண்டும். சொல்லவைக்காமல் இந்த மனுஷனை விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் நேராக மூன்றாம் மாடி ஏறி மணி அடித்தார். பத்ரிநாத் கதவைத் திறந்தார். ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் பூஜை மணி.

"சார், இப்பவே எடுத்துடறேன். மச்சான் டெம்போ வருது, செடியோட ஏத்திவிட்டுடறேன். உங்க கமோடு, நல்ல கனம். இறங்கி வந்து ஒரு கை பிடிங்க."

பத்ரிநாத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இன்னிக்கேவா? செடியோடவா?"

"நாளைக்குத்தானே கெடு?"

"அது... அவ்வளவு அவசரம் ஒண்ணும் இல்ல பெரியவரே. நவராத்திரி முடியட்டுமே."

"மீட்டிங்ல அப்படிச் சொன்னீங்களே சார்?"

"மீட்டிங் கிடக்கு. நான் பேசிக்கறேன்."

ஜம்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை மனுஷன் திருந்திவிட்டானோ? அந்த ஒரு வார்த்தையும் இப்போதே வந்துவிடுமோ? வாசலிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து பத்ரிநாத்தின் மனைவி கிருஷ்ணப்ரியா தாம்பாளத்தோடு வந்தாள்.

"மாமா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. பிரசாதம் எடுத்துக்கோங்க."

சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் சாமி பாதத்தில் வைத்து எடுத்த பூ ஒன்று இருந்தது. மாம்பழ நிறம், நடுவில் மட்டும் குங்குமச் சிவப்பு.

"பூ ரொம்ப அழகா இருக்கேம்மா" என்றார் ஜம்பு, மெதுவாக.

"ஆமா மாமா. இவர்தான் தினமும் இருட்டோட வாக்கிங் போய் மொட்டாப் பறிச்சுட்டு வரார். பூஜை நேரத்துக்கு விரிஞ்சுடும். யாரோ புண்ணியவான் வீட்டுச் செடியாம். ரொம்ப ஆசாரமா வளர்க்கறாராம்."

ஜம்பு பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புண்ணியவான் என்ற முறையில் பத்ரிநாத்தை நிமிர்ந்து பார்த்தார். 'தப்புதான்' என்று சொல்ல வேண்டிய வாய்க்கு அந்த நேரம் பார்த்துப் பாதியில் விட்ட சுலோகம் ஞாபகம் வந்துவிட்டது. பத்ரிநாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மணியை ஓங்கி ஆட்டத் தொடங்கினார்.