கட்டில் காலடியில் ஒரு வயர்

கட்டில் காலுக்கு அடியில் சிக்கி நசுங்கிய நாளிலிருந்து, நெட் வயர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது. பரணி கேம் ஆட உட்கார்ந்தாலே அதற்கு உதறல் எடுக்கும். இணைப்பு அறுந்தால் அவன் ரவுட்டரைத்தான் அடிப்பான்.

“உண்மையைச் சொல்லிடுங்கண்ணே, அடி எனக்கு விழுது” என்று கெஞ்சியது ரவுட்டர்.

“சொன்னா என்னை வெட்டி எறிஞ்சிடுவான்டா” என்றது வயர்.

அன்று கடைசிச் சுற்றில் திரை உறைந்தது. “தண்டம்!” என்று கத்திய பரணி, ரவுட்டரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான்.

மறுநாள் புது ரவுட்டர் வந்தது. சாயங்காலமே திரை மறுபடி உறைந்தது. பரணி எழுந்து வந்தான்.

“அண்ணே, எனக்கு முன்னாடி இருந்தவருக்கு என்ன ஆச்சு?” என்று நடுங்கியது புதுசு.

வயர் கட்டில் காலோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

“அவன் வேலையே சரியில்ல தம்பி.”