புதுத் தொட்டிக்கு முதல் மீன்

பவளம் வளர்க்க ஆசைப்பட்ட ஒருவர் தன் வீட்டு ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, உப்பைக் கரைத்து ஒரு கடலையே செய்துவிட்டார். அந்தத் தண்ணீர் பக்குவப்படச் சில வாரமாவது ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை ஏது? தண்ணீர் எப்படி இருக்கிறதென்று பார்க்க மலிவாக ஒரு நீல மீனை வாங்கி உள்ளே விட்டார்.

"பார்த்தியா, இவ்வளவு பெரிய மாளிகைக்கு முதல்ல என்னைத்தான் அழைச்சிருக்காங்க" என்றது மீன், மூலையில் ஓடிய மோட்டாரிடம்.

"பின்னே? கிரகப்பிரவேசத்துக்குக்கூட பசுமாட்டைத்தானே முதல்ல கூட்டிட்டு வர்றாங்க" என்றது மோட்டார்.

மீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டொரு நாளில் தண்ணீர் கெட்டது. மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறி வாயைப் பிளந்தது. "நமக்கு வணக்கம் சொல்லுது பாருங்க!" என்று வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் காட்டினார். மீனும் சிரமப்பட்டு இன்னொரு வணக்கம் வைத்தது.

எப்படியோ பிழைத்துக்கொண்டது. தண்ணீரும் தெளிந்தது. பவளங்கள் வந்தன, கூடவே விலை உயர்ந்த மீன்களும் வந்தன. "இங்கே நான்தான் மூத்தவன்" என்று நீல மீன் ஒன்றிரண்டை இடித்துப் பார்த்தது.

"சரியான ரவுடி. கடையிலேயே திருப்பிக் கொடுத்திடலாம்" என்று வீட்டுக்காரர் வலையை எடுத்தார்.

பிளாஸ்டிக் பைக்குள் இருந்தபடி மீன் கத்தியது: "மோட்டாரே! அந்தப் பசுமாட்டுக்கு எந்த ரூம் கொடுப்பாங்க?"

"ரூமா? ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பிடுவாங்க. உங்களுக்கு ஏதாச்சும் கொடுத்தாங்களா?"