மெத்தைக் கடையின் இரங்கல்

"செலெதோனியோ பாரியோஸ்... நமக்குத் தெரிஞ்ச ஆளா, கிழவி?" என்று என் கணவர் அன்செல்மோ கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அப்ப 'ஆழ்ந்த வருத்தத்துடன்'னு போட்டுடறேன். தெரிஞ்சவங்களுக்கு வெறும் 'வருத்தத்துடன்' போதும். நாளையிலேருந்து எனக்கு இந்த வேலையும் இல்ல, நொயெலியாவே பாத்துக்குவா."

மாத்தே இலை போட்ட கோப்பையில் வெந்நீர் ஊற்றி அவர் பக்கம் தள்ளினேன். உறிஞ்சிவிட்டு, ஆறிப்போயிருக்கிறது என்றார். தினமும் சொல்வதுதான்.

எங்களுடையது மெத்தைக் கடை. பரானா நகரத்துப் பெரிய கடை ஒன்று எங்கள் ஊரில் கிளை திறந்திருந்தது. ஊர்ப் பெயரையும் மெத்தையையும் போட்டு இணையத்தில் தேடினால் அவர்கள் முதலில் வந்தார்கள். நாங்கள் மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம்.

மூன்றாம் பக்கம் வரை தேடுகிறவனுக்குத் தூக்கம் வராத வியாதி இருக்க வேண்டும், அவன்தான் நமக்கேற்ற ஆள் என்பார் அன்செல்மோ. அவனும் வரவில்லை.

குளிர்காலத்தோடு கடையை மூட வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

மற்ற தளங்கள் எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால்தான் மேலே வருவோம் என்று அதைச் செய்து தந்தவர் சொல்லியிருந்தார். அன்செல்மோ கால்பந்துக் கிளப்புக்கும் தேவாலயத்துக்கும் பல் மருத்துவருக்கும் எழுதினார். கிளப்பும் தேவாலயமும் பதில் போடவில்லை. மெத்தைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவர் கேட்டார்.

அதன் பிறகுதான் ஊர்ச் செய்தித் தளத்தின் மரண அறிவிப்புகள் அவர் கண்ணில் பட்டன. இறந்தவர் பெயருக்குக் கீழே யாரும் இரங்கல் போடலாம். கடைகளும் போடும். கடையின் பெயரை அழுத்தினால் கடையின் தளம் திறக்கும்.

அன்று முதல் ஊரில் யார் இறந்தாலும் எங்கள் மெத்தைக் கடை வருந்தியது.

சிலர் கடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பின் அவரால் சாவு வீடுகளுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. முன்பின் பார்த்திராதவர்களின் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் காப்பியுடன் நின்றார். ஒரு கிழவரின் பெட்டியைத் தூக்கவும் செய்தார்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தோம்.

தினமும் உட்கார்ந்து எழுதி அலுத்துப்போய், செய்தித் தளத்தில் அந்தப் பகுதியைக் கவனிக்கும் நொயெலியாவிடம் ஏற்பாடு செய்தார். யாராயிருந்தாலும் கேட்க வேண்டாம், எங்கள் பெயரில் அதே வாசகத்தைப் போட்டுவிட வேண்டியது.

செலெதோனியோவுக்கு வருந்தி முடித்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போனார். கடை திறக்கும் நேரமாயிற்று என்று தோளைத் தொட்டேன். அவர் எழவில்லை.

கால்பந்துக் கிளப் தன் தளத்தில் அவரைப் பற்றி எழுதி, எங்கள் கடைக்கு இணைப்புக் கொடுத்தது. தேவாலயம் திருப்பலி அறிவிப்பில் கொடுத்தது. பல் மருத்துவரும் கொடுத்தார், செயற்கைப் பற்களின் விலைக்கு மேலே.

இப்போது முதல் பக்கத்தில், பரானாக்காரர்களுக்கு மேலே இருக்கிறோம். கடை நடக்கிறது. நான்தான் திறக்கிறேன்.

அவருடைய மரண அறிவிப்பை அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். கீழே வரிசையாக இரங்கல்கள். எல்லாவற்றுக்கும் முதலில் இது இருந்தது:

'அன்செல்மோ பொனெல்லியின் மறைவுக்கு, ஆழ்ந்த வருத்தத்துடன், பொனெல்லி மெத்தைக் கடை.'

நொயெலியா தானாகப் போட்ட முதல் இரங்கல். சொன்னால் சொன்னதைச் செய்கிற பெண். அழுதுகொண்டேதான் போட்டாளாம். எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். 'ஆழ்ந்த' என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.