மருந்துக்கடைச் சுண்டெலியின் ஆலோசனை

மருந்துக்கடைச் சுண்டெலி கடைக்காரர் மாதிரியே பேசிக்காட்டும். இன்றைக்கு அதன் வால் கிழட்டுப் பூனையின் காலடியில் மாட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, இந்த வயசில் எலிக்கறியா? கொழுப்பு நெஞ்சை அடைச்சிடும். மேல்தட்டில் மீன் எண்ணெய் மாத்திரை இருக்கு. இதயத்துக்கும் நல்லது, மூளைக்கும் நல்லது."

"மூளைக்குமா? நேத்து எங்கே தூங்கினேன்னே ஞாபகமில்லைடா!" பூனை மேல்தட்டை அண்ணாந்து பார்த்தது. கால் தளர்ந்தது. சுண்டெலி மெல்ல வாலை உருவத் தொடங்கியது.

"ஒரு சந்தேகம் தம்பி. அதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. சுண்டெலிக்குக் கடைக்காரர் குரல் தானாக வந்துவிட்டது.

"வெறும் வயித்தில் போடவே கூடாது சார். நல்லா சாப்பிட்டுட்டுத்தான் போடணும்!"

"ரொம்ப நன்றிப்பா" என்று பூனை வாலை அழுத்தி மிதித்தது.