வெளிச்சம் தெரிந்தால் அழுத்து

"வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா மட்டும் பொத்தானை அழுத்துங்க, தோர்லைஃப். தெரியலைன்னா சும்மா இருங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்," என்றாள் குன்வோர்.

கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற அந்த இயந்திரத்துக்குள் முகத்தை வைத்தேன்.

மோல்டே ஊரில் முப்பத்தோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். கண் நன்றாக இருக்கிறது என்று குன்வோர் எழுதிக் கொடுத்தால் ஓட்டுநர் உரிமம் நீடிக்கும். இல்லையென்றால் இன்றோடு சரி.

வருடா வருடம் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கடிதம் வரும், கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று. குளிர்ப்பெட்டிக் கதவில் மாட்டிவைப்பேன். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட், ஓயாத மழை. யாருக்கு நேரம்? வலித்தால் போயிருப்பேன். வலிக்கவில்லையே.

வேலையே அலுத்துவிட்டது. போதாததற்கு, கொஞ்ச நாளாக ஊரில் எல்லோரும் எங்கிருந்தோ வந்து பஸ் முன்னால் குதிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மீன்கடை நிறுத்தத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். பயணிகள் கத்தியதால் பிரேக்கை மிதித்தேன். ஜன்னலைத் திறந்து அவளை நன்றாகத் திட்டினேன்.

முதலில் புள்ளிகள் தெரிந்தன.

பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

ஆனால் நான் நேரம் தவறாமல் வண்டி எடுக்கிறவன். புள்ளிகள் எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகின்றன என்பதைப் பிடித்துவிட்டேன். கண் பார்க்காவிட்டால் போகட்டும், கட்டைவிரலுக்குக் கணக்குத் தெரியும்.

அழுத்தினேன். எண்ணினேன். அழுத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"போதும், மனுஷா." குன்வோரின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "மெஷினை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு."

விரலை எடுத்தேன்.

"கண்ணுல அழுத்தம் ஏறியிருக்கு. ஓரத்துப் பார்வை போயிடுச்சு. அந்த இடம் கறுப்பா தெரியாது, தோர்லைஃப். பக்கத்துல இருக்கிற ரோட்டையே எடுத்து மூளை அதுமேல ஒட்டிடும். எல்லாம் முழுசா தெரியுற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் வருஷா வருஷம் கூப்பிட்டேன்."

சான்றிதழ்த் தாளை எழுதாமலே மேசைக்குள் போட்டாள். நான் கெஞ்சவில்லை. கெஞ்சத்தான் வந்திருந்தேன்.

சிவப்புத் தொப்பி மட்டும் நினைவில் நின்றது.

அந்தப் பிள்ளை எங்கிருந்தும் குதிக்கவில்லை. நான் வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அவளைத்தான் திட்டியிருக்கிறேன்.