பதிவில் மழை இல்லை

ஈர வைக்கோலை இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கிச் சூடேறும். ஒருநாள் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் தெய்வானை, மாட்டுக் கொட்டகையில் பண்ணை வேலை செய்யும் இயந்திரம் கட்டி அடுக்கிய வைக்கோல் கட்டு ஒன்றில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தாள். கம்பி சுட்டது.

"கட்டுன அன்னிக்குத் தூறல் விழுந்துச்சே?" என்று அதனிடம் கேட்டாள்.

"பதிவில் மழை இல்லை. வைக்கோல் காய்ந்திருக்கிறது," என்றது இயந்திரம்.

அவள் வெளியே உருட்டிவிட்ட கட்டுகளை, நனைந்துவிடும் என்று சொல்லி, அது பொறுப்பாக மறுபடி உள்ளே அடுக்கியது.

கணவன் முருகையன் சிரித்தார். "அதுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

"நீங்களே தொட்டுப் பாருங்க," என்று கம்பியை நீட்டினாள்.

தொட்டவர் போய் மாடுகளை அவிழ்த்தார். இருவருமாக அவற்றை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து கட்டினார்கள்.

கொட்டகையில் காலியான இடத்திலும் இயந்திரம் கட்டுகளை அடுக்கத் தொடங்கியது.