பப்பாசிக் கன்றுகள்

பன்னிரண்டாவது பப்பாசி மரத்தையும் றஞ்சிதம் வெட்டிச் சாய்த்தாள்.

கணவன் டொமினிக் கயிறு பிடித்து வரிசையாக நட்ட மரங்கள். இலைகள் சுருங்கிப்போயிருந்தன. காய்களின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள்.

பால் முழங்கைவரை வடிந்தது. அவள் துடைக்கவில்லை.

மருந்து அடித்துப் பயனில்லை என்று, பக்கத்தில் நின்ற விவசாயப் போதனாசிரியை நிஸ்லா முன்பே சொல்லிவிட்டாள். வைரஸைக் காவுவது அழுக்கணவன் என்ற சிறு பூச்சி. நோய்ப்பட்ட இலையின் மஞ்சள் அதைக் கூப்பிடும். வந்து ஒருமுறை குத்திப் பார்க்கும். சாறு பிடிக்காது. எழும்பி அடுத்த மரத்துக்குப் போகும், வாயில் வைரஸோடு.

"அதிலயே இருந்து குடிச்சுதெண்டா இவ்வளவு பரவாது அக்கா. பிடிக்காமப் போறதாலதான் பரவுது."

றஞ்சிதம் தலையாட்டினாள். அடுத்த மரத்தில் கத்தியை வைத்தாள்.

நிஸ்லா கொப்பியைத் திறந்தாள். "இஞ்சயிருந்து கண்டு ஏதும் வெளியில குடுத்தனீங்களோ?"

நறுவிலிக்குளத்தில் பப்பாசியை நம்பிப் பல வீடுகள் இருந்தன. இல்லை என்று சொன்னால் நிஸ்லா அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவாள்.

"ஓம். நாப்பத்தொரு வீட்டுக்கு."

பேனை நின்றது. "வித்தனீங்களோ?"

"இல்ல. போன கிழமை அவர் செத்த முப்பத்தோராம் நாள் நினைவு. வீட்டை வந்த ஆக்களுக்குக் குடுத்தனான்."

இந்த மரங்களின் கீழேதான் டொமினிக் அந்தக் கன்றுகளைப் பைகளில் வளர்த்திருந்தார்.

நிஸ்லா அந்த எண்ணைக் கொப்பியில் எழுதினாள். நோய் வெளியே தெரிய மூன்று கிழமை ஆகும், அதற்கு முன் எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றாள். வேண்டுமானால் தானே வீடு வீடாகப் போய்ச் சொல்வதாகவும் சொன்னாள்.

றஞ்சிதம் வேண்டாம் என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தாள். ஹமீதா கிணற்றடியில் கன்றை நட்டு, ஆடு கடிக்காதபடி சுற்றிவரப் பனைமட்டை குத்தியிருந்தாள்.

"வாங்கோக்கா, வந்து பாருங்கோ. அண்ணன்ட கண்டு ரெண்டு இல விட்டிருக்கு."

றஞ்சிதம் குந்தியிருந்து மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஹமீதா ஏதோ கேட்டாள்.

கன்று இலேசாக வந்தது. வேரும் மண்ணும் இன்னும் பையின் வடிவிலேயே இருந்தன.